புளோக் படிக்கட்டில் போதைப்பொருள் விற்கிறார்கள், போலீஸ் ஏன் உடனே பிடிப்பதில்லை?

கேள்வி இதுதான். சிங்கப்பூரில் ஜாலான் புசார் பக்கம் ஒரு பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் நான்காவது மாடியில் குடியிருக்கும் ஓர் அம்மா கேட்டிருக்கிறார். இரண்டு மாதமாக மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் உள்ள படிக்கட்டில் இரவு எட்டு மணிக்கு மேல் இரண்டு பையன்கள் நிற்கிறார்கள். யார் யாரோ வருகிறார்கள், அரை நிமிடம் நிற்கிறார்கள், போய்விடுகிறார்கள். இவர் இரண்டு முறை போலீசை அழைத்தார். ரோந்து கார் வந்தது, படிக்கட்டில் யாரும் இல்லை, கார் போய்விட்டது. மறுநாள் அதே பையன்கள். "கீழே கேமரா இருக்கிறது. தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) எங்கு திரும்பினாலும் போலீஸ். சட்டமும் இவ்வளவு கடுமை. பிறகு ஏன் பிடிக்க முடியவில்லை?" என்கிறார். கடைசியில் இன்னொன்றும் கேட்கிறார்: அந்த இருவரில் ஒருவனுடைய தாயை அவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் வீரமாகாளியம்மன் கோயிலில் பார்த்துப் பேசுகிறவர். பெயரைச் சொன்னால் அந்தப் பையன் கதி என்ன ஆகும்?

நான் 27 ஆண்டுகள் போலீசில் இருந்தவன். அதில் பாதிக்கு மேல் நகர மையத்து வட்டாரங்களில். ஓய்வுபெற்ற பிறகு சனிக்கிழமைகளில் ஒரு மறுவாழ்வு இல்லத்துக்குப் போய், சிறையிலிருந்து வந்தவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறேன். பிடிக்கிற பக்கத்தையும் பிடிபட்ட பக்கத்தையும் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த ரோந்து கார். நீங்கள் அழைத்தது வீண் போகவில்லை. அழைப்புகள் பதிவாகின்றன, ஒரே முகவரியிலிருந்து மூன்றாவது, நான்காவது அழைப்பு வரும்போது யாராவது ஒருவர் உட்கார்ந்து அவற்றைச் சேர்த்துப் படிப்பார். ஆனால் படிக்கட்டு வியாபாரத்தைப் பிடிக்கச் சீருடையும் சுழல் விளக்கும் உதவாது. நீங்கள் பார்த்தது இரண்டு பேரை. பெரும்பாலும் மூன்றாவது ஆள் ஒருவன் கீழே இருப்பான். காப்பிக்கடையின் ஓர மேசையில், இல்லாவிட்டால் சைக்கிள் நிறுத்துமிடத்தில், கையில் போனோடு. ஜாகா என்பார்கள். கார் புளோக்குக்குள் திரும்பும்போதே மேலே செய்தி போய்விடும். அதிகாரிகள் லிஃப்டை விட்டு வெளியே வருவதற்குள் பையன்கள் ஒரு மாடி ஏறி, பொது நடைபாதை வழியாக ஓடி, அடுத்த படிக்கட்டில் இறங்கியிருப்பார்கள். பழைய புளோக்குகளின் நீண்ட நடைபாதை அதற்கு மிகவும் தோது.

சரி, ஓடாமல் அங்கேயே நின்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். சோதித்தால் சட்டைப்பையில் என்ன இருக்கும்? ஒரு போன், நாற்பது ஐம்பது வெள்ளி (டாலர்), ஒரு லைட்டர். சாமான் அவர்கள் உடம்பில் இருக்காது. நான் வேலையில் இருந்தபோது எடுத்த இடங்களைச் சொல்கிறேன்: தீயணைப்புக் குழாய்ப் பெட்டியின் பின்புறம், தண்ணீர் மீட்டர் அலமாரி, யாரோ ஒரு பாட்டியின் வீட்டு வாசல் அலமாரியில் இருந்த பழைய சப்பாத்து, ஒரு முறை துளசித் தொட்டி. ஹெராயின் என்றால் குளிர்பானம் உறிஞ்சும் ஸ்ட்ராவை விரல் நீளத்துக்கு வெட்டி, உள்ளே பவுடரை நிரப்பி, இரு முனையையும் நெருப்பில் காட்டி ஒட்டியிருப்பார்கள். ஐஸ் (மெத்தம்ஃபெட்டமின்) என்றால் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் பை. ஒருவன் பணத்தை வாங்குவான். இன்னொருவன் "மேல் மாடி, இடது பக்கம், நீலச் சப்பாத்து" என்று சொல்லுவான். வாங்க வந்தவனே போய் எடுத்துக்கொள்வான். பணம் வாங்கியவன் கை அந்த ஸ்ட்ராவைத் தொட்டிருக்கவே தொட்டிருக்காது. அந்தச் சப்பாத்தையும் இந்தப் பையனையும் எதைக் கொண்டு இணைப்பது என்பதுதான் எங்கள் வேலையில் பாதி.

அதிகாரம் போதவில்லை என்று நினைக்காதீர்கள். 1973ஆம் ஆண்டின் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டம் அதிகாரிகளுக்கு நிறையவே கொடுத்திருக்கிறது. போதைப்பொருள் இருப்பதாக நியாயமான சந்தேகம் இருந்தால் நீதிமன்ற ஆணை இல்லாமலே ஓர் இடத்துக்குள் நுழைந்து சோதிக்கலாம். சந்தேகப்படுகிறவரைச் சிறுநீர்ப் பரிசோதனைக்கு உட்படுத்தலாம். இரண்டு கிராமுக்கு மேல் சுத்த ஹெராயின் ஒருவரிடம் இருந்தால் விற்கத்தான் வைத்திருக்கிறார் என்று சட்டமே அனுமானம் செய்துகொள்கிறது. இல்லை என்று காட்டும் பொறுப்பு அவருடையது. போதைப்பொருள் இருக்கும் வீட்டின் அல்லது பெட்டியின் சாவி உங்கள் கையில் இருந்தால் அந்தப் பொருளும் உங்கள் கையில் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளும். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், உங்கள் பிள்ளைகள் காதிலும் போட்டு வையுங்கள்: "இந்தப் பையை ஒரு மணி நேரம் வைத்திரு, வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்று யார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. கூடப் படித்தவன், சொந்தக்காரன், யாராக இருந்தாலும் சரி.

ஆக, அதிகாரம் இருக்கிறது. குறைவது தகவல். எந்த நேரம், எந்த மூலை, சாமான் எப்போது வந்து சேர்கிறது என்பது தெரிய வேண்டும். அதில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை என் வாழ்க்கையிலேயே பார்த்தேன்.

1990களின் தொடக்கம். நகர மையத்தில் ஒரு புளோக், எந்த புளோக் என்பது வேண்டாம். இதே மாதிரிப் புகார். குடியிருப்பாளர்கள் கொதித்துப் போயிருந்தார்கள். மேலிடத்துக்கும் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற அவசரம். மூன்றே நாள் பார்த்துவிட்டு நான்காம் நாள் நாங்கள் ஆறு பேர் இரண்டு படிக்கட்டு வழியாகவும் ஏறினோம். ஒருவன் கிடைத்தான். பதினெட்டு, பத்தொன்பது வயது. மூன்று ஸ்ட்ரா. யாரிடம் வாங்கினாய் என்றதற்குக் கடைசி வரை வாய் திறக்கவில்லை. அவனை அழைத்துக்கொண்டு கீழே வந்தபோது இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள். எனக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டு வாரம் கழித்துப் பக்கத்து புளோக்கில் வேறொரு பையன் நின்றான். அதே ஸ்ட்ரா, அதே நீளம், ஒட்டின விதம்கூட அதே. அனுப்பி வைத்தவனை நாங்கள் தொடவே இல்லை. அவன் ஒரு பையனை இழந்து இன்னொரு பையனைப் பிடித்துக்கொண்டான், அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்து புளோக்கில்தான் நான் பாடம் படித்தேன். இரண்டாவது மாடியில் ஒரு பெரியவர், பொதுப் பயனீட்டுக் கழகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இரவில் தூக்கம் வராது. நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பேச்சு வாக்கில் அவர் உள்ளே போய் ஒரு கத்தைத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். தினமும் கிழிக்கும் நாள்காட்டித் தாள்கள். முன்பக்கம் ராகு காலமும் எமகண்டமும், பின்பக்கம் பென்சிலால் அவருடைய கையெழுத்து. "8.10 பையன் வந்தான். 8.40 சிவப்பு ஹெல்மெட், பை இருக்கு. 8.45 போயாச்சு, பை இல்லை." ஐந்து வாரத்துத் தாள்கள். அவரிடம் யாரும் எழுதச் சொல்லவில்லை. "சும்மா உக்காந்திருக்கிற நேரத்துல எழுதினேன் தம்பி, உங்களுக்கு ஆகும்னா எடுத்துக்குங்க" என்றார். அந்தத் தாள்களை மேசையில் வரிசையாக அடுக்கியபோது சிவப்பு ஹெல்மெட் செவ்வாயும் வெள்ளியும் மட்டுமே வருவது தெரிந்தது. படிக்கட்டை விட்டுவிட்டு மோட்டார்சைக்கிளைப் பின்தொடர்ந்தோம். அது போய் நின்றது நகரத்தின் வேறொரு மூலையில், ஒரு வாடகை அறை வாசலில். அதன் பிறகு அந்த இரண்டு புளோக்கிலும் நெடுநாள் அமைதியாக இருந்தது.

இப்போது உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்திருக்கும். நீங்கள் அழைத்த பிறகு ஒன்றும் நடக்காதது போலத் தெரியும் அந்த வாரங்களில் சில சமயம் ஒன்றும் நடப்பதில்லை, அது உண்மை. சில சமயம் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவைச் சேர்ந்தவர்கள் சாதாரண உடையில் வந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்களிடம் சொல்ல மாட்டார்கள். பக்கத்து போலீஸ் நிலையத்துச் சீருடை அதிகாரிக்கே தெரியாமல் இருக்கலாம். பிடிபடும் அன்றைக்கு ஒரே இரவில் ஐந்தாறு வட்டாரங்களில் சேர்த்துப் பிடிப்பார்கள். செய்தியில் "தீவு முழுவதும் சோதனை" என்று வருகிறதே, அதில் வரும் ஒரு வரிக்குப் பின்னால் உங்களைப் போன்ற ஒருவரின் நான்கைந்து அழைப்புகள் இருக்கும்.

ஆனால் இந்தக் காத்திருப்பில் எனக்கு என்றைக்கும் ஆறாத ஒரு சங்கடம் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் சட்டத்தில் கிராம் கணக்குதான் எல்லாம். ஹெராயின் விற்றதாக நிரூபணமானால் எவ்வளவு குறைந்த அளவாக இருந்தாலும் ஐந்து ஆண்டுச் சிறையும் ஐந்து பிரம்படியும்தான் குறைந்தபட்சம். பத்து கிராமைத் தாண்டினால் 20 ஆண்டும் 15 பிரம்படியும். பதினைந்து கிராமைத் தாண்டினால் மரண தண்டனை. அது 1975இல் கொண்டுவரப்பட்டது. 2013 முதல் நீதிபதிக்குக் கொஞ்சம் தெரிவு கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சலுகையில் முக்கியமானது சாமானைச் சுமந்து கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டு, அதோடு அதிகாரிகளுக்கு உருப்படியான உதவியும் செய்தவர்களுக்கு. நின்று விற்றவன் சுமந்து கொடுத்தவன் கணக்கில் வருவதில்லை. எடை போடுவது கலப்படத்தை நீக்கிய சுத்த ஹெராயினை. தெருவில் கிடைப்பதில் பெரும்பகுதி கலப்படம்தான். அதனால் மூன்று ஸ்ட்ரா வைத்திருப்பவன் அந்தக் கோடுகளுக்கு வெகு தூரத்தில் இருக்கிறான். ஆனால் நம்பிக்கையாக நடந்துகொள்ளும் பையனிடம் நாளாக நாளாகக் கூடுதல் சாமானைக் கொடுத்து வைப்பார்கள். இன்று ஸ்ட்ரா, மூன்று மாதத்தில் ஒரு பாத்து. நானூறு ஐந்நூறு கிராம் கட்டுக்கு அந்தப் பெயர். மேலே இருப்பவனைப் பிடிக்க நாங்கள் எவ்வளவு நாள் காத்திருக்கிறோமோ, அவ்வளவு நாள் கீழே நிற்பவன் அந்தக் கோட்டை நோக்கி நடந்துகொண்டிருக்கிறான். இரண்டையும் ஒரே நேரத்தில் நினைத்துக்கொண்டு வேலை செய்வது சுலபமில்லை.

உங்கள் தோழியின் மகன் விஷயத்துக்கு இதனால்தான் அவசரம் என்கிறேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் படிக்கட்டு வியாபாரம் இங்கே எப்படி வந்தது, எப்படிக் குறைந்தது என்று தெரிந்தால் போலீசிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது புரியும். போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு 1971இல் தொடங்கியபோது பெரிய கவலை அபினும் கஞ்சாவும் தூக்க மாத்திரையும். 1972இல் ஹெராயினுக்காகப் பிடிபட்டவர்கள் நான்கே பேர். 1975இல் அது இரண்டாயிரத்தைத் தாண்டியது. மூன்று ஆண்டுதான்! 1977 ஏப்ரல் 1ஆம் தேதி 'ஆபரேஷன் ஃபெரட்' என்ற பெரும் வேட்டையைத் தொடங்கினார்கள். போலீஸ், சுங்கத்துறை என்று பல துறைகள் சேர்ந்து காப்பிக்கடை, படிக்கட்டு, சந்து எல்லாவற்றையும் அலசின. விற்பவர்களைவிட வாங்குபவர்களை வளைப்பதுதான் அதன் உத்தி. வாங்க ஆள் இல்லாவிட்டால் கடை தானே மூடும் என்ற கணக்கு. பலரை மறுவாழ்வு நிலையங்களுக்கு அனுப்பினார்கள். மருந்து எதுவும் கொடுக்காமல் அப்படியே நிறுத்தவைக்கும் முறை. அதைக் கடந்து வந்த பெரியவர்கள் இன்றும் அந்த முதல் வாரத்தைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்ந்துவிடும்.

1990களின் தொடக்கத்தில் மறுபடி ஆண்டுக்கு ஆறாயிரம் பேருக்கு மேல் பிடிபட்டார்கள். இப்போது 2023, 2024 இரண்டு ஆண்டும் ஏறத்தாழ 3,100. பாதியாகக் குறைந்திருக்கிறது என்பது பெரிய காரியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் 2024இல் முதன்முறையாகப் பிடிபட்டவர்களில் பாதிக்கு மேல் முப்பது வயதைத் தாண்டாதவர்கள்.

நடுவில் ஒரு காலம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. 2002இல் ஹெராயின் பழக்கத்திலிருந்து மீட்பதற்காக சுபுடெக்ஸ் என்ற மாத்திரையை மருத்துவர்கள் கொடுக்க அனுமதித்தார்கள். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்க வேண்டிய மாத்திரை. சிலர் அதைப் பொடியாக்கி, தண்ணீரில் கரைத்து, ஊசியில் ஏற்றிக்கொள்ளத் தொடங்கினார்கள். மருத்துவர் சீட்டில் வந்ததால் சட்டப்படி கையை வைக்கவும் முடியவில்லை. அப்போதெல்லாம் காலை ரோந்தில் பின்சந்து சாக்கடை ஓரத்தில் குனிந்தால் ஊசிகள் கிடக்கும்; மூடி ஒரு பக்கம், நுனியில் காய்ந்த ரத்தம். ஒரு புளோக்கில் துப்புரவு வேலை செய்த தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர் இடுக்கியும் காலி மைலோ டின்னும் வைத்துக்கொண்டு தினமும் பொறுக்குவார். பள்ளிப் பிள்ளைகள் இறங்கி வரும் முன் முடித்துவிட வேண்டும் என்று ஐந்தரை மணிக்கே வருவார். அதற்கு யாரும் அவருக்குக் கூடுதல் சம்பளம் கொடுக்கவில்லை. 2006 ஆகஸ்ட் 14ஆம் தேதி சுபுடெக்ஸை ஹெராயினோடு சேர்த்துத் தடை செய்தார்கள். சில மாதங்களில் சந்துகளில் ஊசிகள் குறைந்தன. ஆனால் அதைப் பயன்படுத்திய எல்லாரும் குணமாகிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். சிலர் மறுபடி பவுடருக்குப் போனார்கள், சிலர் உள்ளே போனார்கள். ஒரு பொருளைத் தடை செய்வது படிக்கட்டைச் சுத்தமாக்கும். ஆளைச் சுத்தமாக்குவது வேறு வேலை.

இப்போது கேமரா. 2012இல் தொடங்கி 2016க்குள் ஏறத்தாழ பத்தாயிரம் வீவக புளோக்குகளிலும் அடுக்குமாடி கார் நிறுத்துமிடங்களிலும் போலீஸ் கேமராக்களைப் பொருத்திவிட்டார்கள். அவை பெரும்பாலும் கீழ்த்தளத்தையும் லிஃப்ட் வாசலையும் பார்ப்பவை. மூன்றாம் மாடிப் படிக்கட்டு அதில் விழாது. பையன்களுக்கும் அது தெரியும். அதனால்தான் கீழே நிற்காமல் உங்கள் மாடிக்கு வந்து நிற்கிறார்கள். ஆனால் யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்பது கீழே பதிவாகும். நீங்கள் "நேற்று இரவு" என்று சொன்னால் அதிகாரி பல மணி நேரப் படத்தைப் பார்க்க வேண்டும். "9.20க்கு, மஞ்சள் சட்டை" என்றால் இரண்டு நிமிடத்தில் முகம் கிடைக்கும்.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. கையில் காசு உள்ளவர்கள் படிக்கட்டுக்கு வருவதே இல்லை. டெலிகிராமில் சொல்லி, பணத்தை அனுப்பி, ஏதோ ஒரு மூலையில் வைத்துவிட்டுப் போனதை எடுத்துக்கொள்கிறார்கள். படிக்கட்டில் நிற்பவனும் அங்கே வந்து வாங்குபவனும் பெரும்பாலும் ஏழைகள்: பழைய ஹெராயின் பழக்கத்தில் முடி நரைத்தவர்கள், பள்ளியைப் பாதியில் விட்ட பையன்கள். கண்ணுக்குத் தெரிகிறவர்கள் என்பதால் புகாரும் அவர்கள் மேல்தான் வருகிறது, கைவிலங்கும் அவர்களுக்குத்தான் முதலில். பிடிபடும் இந்தியர்களின் பங்கு மக்கள்தொகையில் நம் பங்கைவிட அதிகம் என்பது நமக்குத் தெரியும். கோயில் கமிட்டியில், கல்யாண வீட்டில் இதைப் பற்றி வாய் திறக்கிறோமா? அந்த மௌனம் எனக்கு வலிக்கிறது.

தேக்காவில் இவ்வளவு போலீஸ் இருக்கிறதே என்றீர்கள். அவர்கள் அங்கே இருப்பதன் காரணம் வேறு. 2013 டிசம்பர் 8ஆம் தேதி ரேஸ்கோர்ஸ் ரோட்டில் நடந்த கலவரத்துக்குப் பிறகு வந்த ஏற்பாடு அது. கூட்டத்தையும் மதுவையும் கவனிப்பதற்கு. 2015இல் வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் லிட்டில் இந்தியாவையும் கேலாங்கையும் தனி வட்டாரங்களாகப் பிரித்துக் கூடுதல் கட்டுப்பாடு வைத்தது. கலவர விசாரணையின்போது அப்போதைய போலீஸ் ஆணையரே தமக்கு லிட்டில் இந்தியாவைவிட கேலாங்தான் அதிகக் கவலை என்று சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நிற்கும் சீருடை உங்கள் புளோக் மூன்றாம் மாடிக்கு எட்டாது. இதோடு ஒரு வேண்டுகோள்: புகார் செய்யும்போது புல்வெளியில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் பேசும் வெளிநாட்டு வேலைத் தம்பிகளைக் கைகாட்டாதீர்கள். "அங்கே நிறைய வெளிநாட்டு ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்" என்ற அழைப்புகள் என் காலத்தில் நூற்றுக்கணக்கில் வந்தன. போய்ப் பார்த்தால் சாப்பாட்டுப் பொட்டலமும் தொலைபேசி அட்டையும்தான் இருக்கும். பிடிபட்டால் வேலையும் போய் ஊருக்கும் அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் இருப்பவர்கள் அவர்கள். உங்கள் படிக்கட்டில் நிற்பவன் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன். உங்களுக்கே அவன் தாயைத் தெரிகிறதே.

அப்புறம், நீங்கள் செய்யக்கூடியவை. எழுதி வையுங்கள், அந்தப் பெரியவர் மாதிரி. கிழமை, மணி, எந்தப் படிக்கட்டு, எந்தப் பக்கமாக வந்தார்கள், எந்தப் பக்கமாகப் போனார்கள், வண்டி எண் தெரிந்தால் அது. யார் பை கொண்டுவருகிறார், யார் வெறுங்கையோடு போகிறார் என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். நெருங்கிப் போய்ப் படம் எடுக்காதீர்கள், "ஏன் இங்கே நிற்கிறாய்" என்று சண்டைக்கும் போகாதீர்கள். உங்கள் கதவு எது என்று அவர்களுக்குத் தெரியும். போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவுக்கு 24 மணி நேரமும் எடுக்கும் எண் 1800 325 6666. தகவல் கொடுத்தவர் யார் என்பதை நீதிமன்றத்தில் வெளியே விடாமல் காக்கும் பிரிவு போதைப்பொருள் சட்டத்திலேயே இருக்கிறது. அதனால் அந்தப் பயம் வேண்டாம்.

நகர மன்றத்தையும் விடாதீர்கள். படிக்கட்டில் எரியாத விளக்கு, பூட்டுப் போடாத மீட்டர் அலமாரி, நடைபாதையில் யாருக்கும் வேண்டாத பழைய சோபா, இவைதான் அவர்களுக்குக் கடை. ஒரு முறை நாங்கள் ஒருவரையும் பிடிக்காமலே ஒரு படிக்கட்டைக் காலி செய்தோம். விளக்கை மாற்றி, அலமாரிகளைப் பூட்டி, வசிப்போர் குழுவைச் சேர்ந்த நான்கு பெண்கள் இரவு உணவுக்குப் பிறகு லிஃப்டை விட்டுப் படியேறி நடப்பதென்று முடிவு செய்தார்கள். உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டார்கள். ஒரு மாதம் தினமும் ஏறி இறங்கினார்கள். வாங்க வருபவனுக்கு ஆள் நடமாட்டம் பிடிக்காது. அவன் வராவிட்டால் விற்பவனும் நிற்க மாட்டான். வேறு இடத்துக்குப் போயிருப்பார்களே என்று கேட்பீர்கள். சிலர் போயிருப்பார்கள். ஆனால் இடம் மாறும்போது வாடிக்கை கொஞ்சம் உதிரும், புதிதாகப் பழகவிருந்த பையன் வீட்டுக்குப் போய்விடுவான்.

இனி அந்தத் தாய். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் ஹை பாயிண்ட் என்று ஓர் ஊர் இருக்கிறது. 2004இல் அங்கே போலீஸ் ஒரு வித்தியாசமான காரியம் செய்தது. ஒரு வட்டாரத்தில் தெருவில் விற்றவர்கள் மேல் வழக்குக்குத் தேவையான ஆதாரம் எல்லாவற்றையும் சேர்த்த பிறகு, வன்முறையில் இறங்கியவர்களை மட்டும் கைது செய்தார்கள். மற்றவர்களைத் தாய், பாட்டி, அக்கம்பக்கத்தார் முன்னிலையில் கூப்பிட்டு உட்காரவைத்து, ஆதாரத்தைக் காட்டி, "இதோ உன் வழக்கு தயார். இன்றோடு நிறுத்தினால் இதைத் தாக்கல் செய்ய மாட்டோம். வேலை தேட உதவுகிறோம்" என்றார்கள். அந்தத் தெருச் சந்தை கலைந்தது. நம் சட்டத்தில் அதற்கு இடமில்லை. ஆதாரம் கையில் வந்துவிட்டால் அதிகாரி பார்த்தும் பார்க்காததுபோல் இருக்க முடியாது. ஆனால் ஆதாரம் வருவதற்கு முன்னால் அந்த வீட்டுக்குள் பேச வேண்டியதைப் பேச எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அதைச் செய்யக்கூடியவர் நான் அல்ல, போலீஸ் அல்ல. நீங்கள்தான்.

படிக்கட்டில் நடப்பதைப் போலீசிடம் சொல்லுங்கள். அதில் தயக்கம் வேண்டாம், உங்கள் பிள்ளைகள் தினமும் அந்த வழியாகத்தான் இறங்குகிறார்கள். அதே நேரத்தில் அந்தத் தாயிடம், போலீசைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல், "உங்க பையன எங்க புளோக் படிக்கட்டுல ராத்திரி ராத்திரி பாக்குறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். பெரும்பாலான தாய்மார்களுக்கு ஏற்கெனவே ஏதோ தெரியும். காணாமல் போன மோதிரம், குளியலறையில் கருகின அலுமினியத் தாள், பகல் முழுதும் தூக்கம். யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொன்னால்தான் அவர்களுக்கு அழவாவது இடம் கிடைக்கும்.

விற்பவன் பலசமயம் உபயோகிப்பவனும்கூட. தன் பங்குக்காகத்தான் நிற்கிறான். அவன் உபயோகிப்பவன் மட்டும் என்றால் வழி வேறு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, வேறு குற்றம் செய்யாமல் உபயோகித்தவர்களை நெடுங்காலச் சிறைக்குப் பதிலாகப் போதை மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். அதிகபட்சம் நான்கு ஆண்டு, பிறகு ஐந்து ஆண்டு வரை கண்காணிப்பு. முதன்முறை என்றால் காலம் அதைவிடக் குறைவு. 21 வயதுக்குக் கீழே இருந்து பழக்கமும் ஆழமாக இல்லையென்றால் வீட்டில் இருந்தபடியே ஆலோசனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் வைத்துக் கண்காணிக்கும் திட்டம் இருக்கிறது. விற்றவன் என்ற குற்றச்சாட்டு வந்துவிட்டால் இந்தக் கதவுகளெல்லாம் சாத்திக்கொள்ளும். அவன் அந்தப் படிக்கட்டிலிருந்து எத்தனை நாள் முன்னதாக இறங்குகிறானோ அத்தனை நல்லது. 1972 முதல் இயங்கும் சிங்கப்பூர் போதைப்பொருள் எதிர்ப்புச் சங்கத்துக்குக் குடும்பத்தாரே போய்ப் பேசலாம். தமிழில் பேச வேண்டும் என்றால் கேளுங்கள், ஏற்பாடு செய்வார்கள். மனநலக் கழகத்தின் தேசிய அடிமைத்தனப் பராமரிப்புச் சேவையும் உண்டு. ஆனால் போதைப்பொருள் பழக்கம் உள்ளவர் என்று சந்தேகித்தால் மருத்துவர் அதை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அந்தத் தாயிடம் இதை மறைக்காதீர்கள். பிறகு தெரிந்தால் உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கையும் போய்விடும்.

என் சனிக்கிழமை இல்லத்தில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர் இருக்கிறார். நான்கு முறை உள்ளே போய் வந்தவர். முதன்முதலில் படிக்கட்டில் நின்றபோது அவருக்கு வயது பதினேழு. ஒரு நாள் இரவு மேல்மாடி மாமி அவரைக் கடந்து ஏறிப் போனவர், இரண்டு படி போய்த் திரும்பி, "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டாராம். பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகச் சொன்னார். அதன் பிறகு யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லையாம். முப்பத்தைந்து வருஷம் கழித்தும் அந்த மாமி அன்று கட்டியிருந்த சேலையின் நிறம் அவருக்கு நினைவிருக்கிறது.

இந்த வெள்ளிக்கிழமை கோயிலில் அந்த அம்மாவைப் பார்த்தால், கூட்டம் கலைந்த பிறகு, பிரசாதம் வாங்கும் வரிசையை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பேசுங்கள். பையன் சாப்பிடுகிறானா, தூங்குகிறானா என்று முதலில் கேளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.